மாற்றியதும் மறைத்ததும்



பொருள் ஒன்று பழுதுபடுகிறது. பழுதான உறுப்பை நீக்கிப் புதிய உறுப்பை வைக்கிறோம். அதன்பின் அது பழைய பொருள்தானா, அன்றி வேறொரு பொருளா? இஃது ஏட்டுச் சுரைக்காய் போன்றதொரு கேள்வி, கறிக்கு உதவாது என்று சிலர் எண்ணக்கூடும். நாமும் வெகுகாலம் அவ்வாறே எண்ணியிருந்தோம். எண்பது வயதை நெருங்கிய அம்மையார் ஒருவர், பழைய வால்வு வானொலிப் பெட்டி ஒன்றை மடியில் வைத்துக்கொண்டு, மைசூரில் நம் வீட்டு வாயிலில் ஆட்டோவிலிருந்து இறங்கிய நாளிலேதான் அக்கேள்விக்கு நாம் விடை கூறியே தீரவேண்டிய நிலை வந்தது.

ஆலையில் உழைத்த நாளில், அங்கே மின்பகுதியில் இருந்த முதிய மேஸ்திரி ஒருவரிடம் வால்வு வானொலிகளைச் செப்பனிடும் தொழிலைச் சிறிது கற்றோம். ஆலை வேலை நின்று அறவுரைப் பணிக்கு வந்த பின்னரும் ஈயம் பற்றவைக்கும் கோலை நாம் கீழே வைத்துவிடவில்லை. இதனைக் கேள்வியுற்றே அவ்வம்மையார் வந்தார். அவர் கணவரும் ஆலைத் தொழிலாளியாய் இருந்து மறைந்தவர்.

"தம்பி, இது அவர் கை பட்ட பெட்டி. இருபது வருடமாகப் பரணில் கிடந்தது. நான் போவதற்குள் ஒரு தடவை பாடக் கேட்க வேண்டும். ஆனால் உள்ளே ஒன்றையும் மாற்றிவிடாதீர்கள். மாற்றினால் அப்புறம் அது அவருடைய பெட்டி ஆகாது" என்றார்.

உடன் வந்த பேரப்பிள்ளை வேறொரு வழி கூறினான். "பாட்டி, உள்ளே இருப்பதையெல்லாம் கழற்றி எறிந்துவிட்டு ஒரு புளூடூத் பலகையை வைத்துவிடலாம். வெளியே பார்க்க அப்படியே இருக்கும், போனிலிருந்து வேண்டிய பாட்டைக் கேட்கலாம்" என்றான்.

ஒருவர் எதனையும் மாற்றலாகாது என்கிறார்; ஒருவன் எல்லாவற்றையும் மாற்றலாம் என்கிறான். இருவர் நடுவே பெட்டி வாய் திறவாமல் இருந்தது.

அது ஊமையானதன் காரணத்தை முதலில் அறிதல் வேண்டும். வால்வு என்பது காற்று நீக்கப்பெற்ற கண்ணாடிக் குழல். அதனுள்ளே ஓர் இழை சூடேறுகிறது. சூடேறிய முனையிலிருந்து எலெக்ட்ரான்கள் எழுந்து எதிரே உள்ள தகட்டை நோக்கிப் பாய்கின்றன. 1904-ஆம் ஆண்டில் இங்கிலாந்தில் ஃபிளெமிங் என்பார் இத்தகைய இருமுனை வால்வைச் செய்தார். 1906-இல் அமெரிக்காவில் டி ஃபாரஸ்ட் இரண்டு முனைகளுக்கும் இடையே மூன்றாவதாக ஒரு வலையை வைத்தார். வலையில் வரும் சிற்றசைவு, தகட்டிற் பாயும் பேரோட்டத்தை ஆட்டிவைக்கிறது. மதகைத் திறப்பவன் கைவலிமை சிறிது. மதகின் வழியே பாயும் வெள்ளமோ பெரிது. ஆகாயத்தில் வந்த மெல்லிய அலை ஒரு கூடம் நிறைந்த பாட்டாக மாறுவது இவ்வாறேயாம்.

பலரும் வால்வுதான் முதலில் கெடும் என்பர். அது பெரும்பாலும் பிழை. வால்வைச் சூழ்ந்துள்ள கண்டென்சர்களே முதலில் கெடுகின்றன. உலோகத் தாளையும் மெழுகு தோய்ந்த காகிதத்தையும் சேர்த்துச் சுருட்டிச் செய்த கண்டென்சர்கள் ஆண்டுகள் செல்லச்செல்ல ஈரத்தை உறிஞ்சி, தடுக்க வேண்டிய மின்சாரத்தைக் கசியவிடுகின்றன. ஒலிபெருக்கியை இயக்கும் கடைசி வால்வின் வலைக்குச் செல்லும் கண்டென்சர் கசிந்தால், அவ்வால்வு அளவுக்கு மீறிய ஓட்டத்தைச் சுமந்து சிவந்துபோகும். அதனோடு இணைந்த டிரான்ஸ்பார்மரும் எரியும். மின்னோட்டத்தைச் சமன்செய்யும் பெரிய கண்டென்சர்களில் உள்ள ஈரப்பசை உலர்ந்துவிட்டால் பாட்டுக்குப் பதில் 'ஹம்' என்னும் இரைச்சலே எழும். ரெசிஸ்டர்களோ தத்தம் அளவிலிருந்து மெல்ல மெல்ல ஏறிவிடும். ஆகையால் பரணிலிருந்து இறக்கிய பெட்டியை அப்படியே மின்சாரத்தில் செருகிப் பார்ப்பது தீயோடு விளையாடுதலை ஒக்கும். முதலில் தூசி துடைத்து, அளந்து பார்த்து, பின்னர் இடையே ஒரு சீரீஸ் பல்பை வைத்து, அது எரியும் ஒளியைப் பார்த்தே மெல்ல மெல்ல உயிர் கொடுத்தல் வேண்டும்.

அம்மையாரின் பெட்டியில் வால்வுகளின் சூட்டிழைகள் யாவும் ஒன்றன்பின் ஒன்றாய்ச் சரமாகக் கோக்கப்பட்டவை. அவற்றுள் ஒன்று அறுந்திருந்தது. அதனால் அனைத்தும் இருண்டன. கண்டென்சர்களுள் பெரும்பாலானவை கசிந்தன. ஆகவே 'ஒன்றையும் மாற்றாமல் பாட வை' என்னும் வேண்டுகோள் செய்ய இயலாததாயிற்று. மாற்றினால் அது 'அவருடைய பெட்டி' ஆகாது. மாற்றாவிட்டால் அது பாடும் பெட்டி ஆகாது.

இனி அவ்வேண்டுகோளின் அடியில் உள்ள எண்ணத்தைப் பார்ப்போம். மாறாமல் இருப்பதே ஒரு பொருளின் உண்மை என்பது அவ்வெண்ணம். ஆனால் பரணில் கிடந்த இருபது ஆண்டுகளில் அப்பெட்டி மாறாமலா இருந்தது? காகிதம் ஈரத்தை ஏற்றது, பசை உலர்ந்தது, ரப்பர் உறை நொறுங்கியது, டயல் நூல் இற்றது. எவரும் தொடாத பொழுதிலேயே அது மாறிக்கொண்டிருந்தது. கணவர் நாளில் அப்பெட்டியில் இருந்த நல்ல கண்டென்சர் இப்போது அதில் இல்லை. அதன் இடத்தில் அதே உறையை அணிந்த கெட்ட கண்டென்சரே இருக்கிறது. கைவைக்காதிருத்தல் மாற்றத்தைத் தடுப்பதன்று. மாற்றத்தைக் கண்ணிற் படாமல் நடக்கவிடுவதே ஆகும்.

இதற்கு நம் ஊரின் வரலாற்றிலேயே ஒரு சான்று உண்டு. 1935-ஆம் ஆண்டில் மைசூர் மகாராஜா கல்லூரியில் உளவியல் பேராசிரியராய் இருந்த எம். வி. கோபாலசுவாமி அவர்கள், 'விட்டல் விஹார்' என்னும் தம் இல்லத்திலிருந்து சிறியதோர் ஒலிபரப்பு நிலையத்தைத் தொடங்கினார். அதன் பெயர் 'ஆகாசவாணி'. 1942-இல் அதனை மைசூர் அரசு ஏற்றது. நாடு விடுதலை அடைந்தபின் 1950-இல் அஃது அகில இந்திய வானொலியோடு சேர்ந்தது. 1955-இல் நிலையம் பெங்களூருக்குப் பெயர்ந்தது. 1950-களின் பிற்பகுதியில் அச்சிறு நிலையத்தின் பெயர் நாட்டின் வானொலி முழுமைக்கும் பெயராயிற்று. மைசூரில் மறுபடியும் ஒரு நிலையம் எழுந்தது 1974-இல். இவற்றுள் பேராசிரியர் தொடங்கிய நிலையம் எது? அவர் வீடு அதுவன்று. அவர் வைத்திருந்த கருவி அதுவன்று. உடையவர் மாறினர், ஊர் மாறிற்று. ஆயினும் இவற்றுக்கும் அதற்கும் தொடர்பே இல்லை என்று எவரேனும் துணிந்து கூறுவரோ? கூறார். ஒன்றிலிருந்து ஒன்று தோன்றி, ஒன்றன் பணியை ஒன்று ஏற்று வந்திருக்கிறது.

கிரேக்க வழிவந்த மிலிந்த மன்னனிடம் நாகசேன தேரர் வினவிய வினாக்களுள் தேரைப் பற்றியது யாவரும் அறிந்தது. அச்சா தேர், சக்கரமா தேர் என்று ஒவ்வொன்றாக நீக்கிப் பார்த்தால் தேர் எங்குமில்லை. எல்லாம் உரிய முறையில் கூடிய இடத்தில் 'தேர்' என்பது வழங்கு பெயராய் நிற்கிறது. தேரில் ஏறியறியாத நாம் ஆலையில் கண்டதைக் கொண்டு அதனை விளங்கிக்கொண்டோம். பஞ்சின் நார் ஒன்று ஏறக்குறைய ஓர் அங்குல நீளமே இருக்கும். கண்டில் சுற்றிய நூலோ மைல் கணக்கில் ஓடும். நூலின் தொடக்கத்திலிருந்து முடிவு வரையில் ஓடுகின்ற நார் ஒன்றுகூட அதில் இல்லை. எனினும் நூல் ஒன்றே. ஒரு நார் முடியும் முன்னர் அடுத்த நார் அதனோடு முறுக்கிக்கொள்கிறது. நூலின் வலிமை அந்த முறுக்கில் இருக்கிறது. பேரப்பிள்ளை கூறிய வழிக்கும் இதுவே விடை. பெட்டியின் உள்ளே இருப்பதையெல்லாம் ஒரே நாளில் வாரி எறிந்துவிட்டுப் புதுப்பலகை வைத்தால், அங்கே பழைய நாரோடு புதிய நார் முறுக்கிக்கொள்ளவில்லை. நூலை அறுத்து, அதே கண்டில் வேறு நூலைச் சுற்றியிருக்கிறோம். அதனைச் செய்வது குற்றமென்று நாம் கூறமாட்டோம். அதற்குச் செப்பனிடுதல் என்று பெயர் வைத்தால்தான் குற்றம்.

ஆகவே மாற்றுதல் பிழையன்று என்பது பெறப்பட்டது. ஆனால் கேள்வி இத்தோடு முடிந்துவிடவில்லை. மாற்றியதைச் சொல்ல வேண்டுமா? இங்கே நம்முடைய குற்றம் ஒன்றை அன்பர்கள் முன் வைக்கக் கடமைப்பட்டுள்ளோம்.

ஏறக்குறைய பதினைந்து ஆண்டுகளுக்கு முன்னர் ஒரு பெரியவர் தம் தந்தையின் வானொலியைக் கொணர்ந்தார். அது டிரான்ஸ்பார்மர் உள்ள பெட்டி. மாறுமின்சாரத்தை நேர்மின்சாரமாக்கும் ஈ.இசட்.80 என்னும் வால்வு வலிவிழந்திருந்தது. வேறு வால்வு அப்போது கிட்டவில்லை. ஆகவே அடியில் சிலிக்கான் டயோடுகள் இரண்டையும் ஒரு ரெசிஸ்டரையும் வைத்துக் கருப்புக் குழாய் உறைக்குள் ஒளித்துக் கட்டினோம். பழைய வால்வின் சூட்டிழைக் கம்பிகளை மட்டும் விட்டுவிட்டு மற்றக் கம்பிகளை எடுத்துவிட்டோம். அவ்வால்வு ஒரு வேலையும் செய்யாமல், ஆனால் செய்வதுபோலச் செந்நிறமாய் ஒளிர்ந்துகொண்டிருந்தது. காகிதக் கண்டென்சர்களின் உள்ளீட்டைக் குடைந்தெடுத்து, புதிய சிறு கண்டென்சர்களை உள்ளே நுழைத்து, மெழுகால் வாயை மூடினோம். பெட்டியைத் திருப்பிப் பார்த்த பெரியவர், "எல்லாம் அப்பா காலத்துச் சாமான்கள்தானே?" என்றார். "எல்லாம் பழையவையே, தூசிதான் துடைத்தோம்" என்றோம். அவர் மனம் குளிர்ந்தது. மெய்யைக் கூறுவதானால், அதைக் கண்டு நம் மனமும் குளிர்ந்தது. பெட்டியின் உட்புறத்தில், மேஸ்திரி பழக்கிய வழக்கப்படி, பென்சிலால் நம் பெயரையும் தேதியையும் எழுதினோம்.

சில ஆண்டுகள் சென்றன. ஒரு நாள் இளைஞர் ஒருவர் அதே பெட்டியைத் தூக்கிக்கொண்டு நம் வீட்டைத் தேடி வந்தார். பெரியவர் மறைந்தபின் பெட்டி கைமாறியிருந்தது. உள்ளே கைபடாத பழைய பெட்டி என்று கூறி, அதற்கென்றே கூடுதல் விலைக்கு விற்றிருந்தனர். வாங்கியவரிடம் அது மீண்டும் ஊமையாகிவிட, இவ்விளைஞரிடம் வந்தது. வால்வின் கால்களில் மின்னழுத்தம் வராததைக் கண்டு, டிரான்ஸ்பார்மர் சுருள் அறுந்தது என்று அவர் முடிவு செய்தார். நல்ல டிரான்ஸ்பார்மரைக் கழற்றிப் புதிதாகச் சுற்றக் கொடுத்தார். பணமும் போயிற்று, நாட்களும் போயின; பெட்டி பாடவில்லை. பின்னரே கருப்புக் குழாயும் அதனுள் கருகியிருந்த நம் ரெசிஸ்டரும் அகப்பட்டன. அவர் நம்மை ஏசவில்லை. "ஐயா, பெயரை எழுதியிருக்கிறீர்கள், செய்ததை எழுதவில்லையே" என்று மட்டும் கூறினார். அச்சொல் நம்மைச் சுட்டது போல் எந்த ஏச்சும் சுட்டதில்லை.

ஆலையில் நூல் அறுந்தால் ஒட்டுப்போடுவது அன்றாட வேலை. அறுவது குற்றமன்று, ஒட்டுவதும் குற்றமன்று. வலுவற்ற ஒட்டை மறைத்துச் சுற்றிவிடுபவன் தப்பித்துக்கொள்வான். அந்நூல் தறிக்குப் போகும்போது அறும். அதற்கு விடை சொல்ல வேண்டியவன் அங்கே நிற்கும் நெசவாளி. மறைப்பு யாரிடம் செய்யப்படுகிறதோ அவரோடு நின்றுவிடுவதில்லை. நாம் கண்டறியாத ஒருவர் கையில் போய் வெடிக்கிறது. நாம் ஒரு முதியவரின் மகிழ்ச்சிக்காகச் சொன்ன பொய், பின்னர் ஒரு வணிகருக்கு முதலாயிற்று. ஓர் இளைஞருக்கு நட்டமாயிற்று.

ஒருவர் மறுக்கக்கூடும்: "கணவரை இழந்த முதியவளிடம் 'எல்லாம் பழையதே' என்று ஒரு வார்த்தை சொன்னால் என்ன கெட்டுவிடும்? கருணை பெரிதா, கண்டென்சர் கணக்கு பெரிதா?" இதனை எளிதில் தள்ளிவிடலாகாது. வள்ளுவரும் வாய்மையைப் பற்றிக் கூறுமிடத்துப் பொய்க்கு ஒரு சிறு வாயில் திறந்து வைத்திருக்கிறார் என்பர். ஆம், வைத்திருக்கிறார், ஆனால் குற்றமற்ற நன்மையையே அவ்வாயிலுக்குக் காவலாக நிறுத்தியிருப்பதைப் பலர் மறந்துவிடுகின்றனர். நாம் அன்று விளைத்த நன்மை குற்றமற்றதாய் இல்லை என்பதை மேலே கண்டோம்.

மேலும் ஒன்று உண்டு. 'மாறாததே மெய், மாறினால் அன்பும் போயிற்று' என்னும் எண்ணமே அம்மையாரின் துயரத்துக்கு வேர். பொய் கூறித் தேற்றுவோமாயின், அவ்வேருக்கு நீர் வார்த்தவர் ஆவோம். நாளை மற்றொரு கண்டென்சர் கெடும். அன்று அவர் தம் கணவரை இரண்டாம் முறை இழப்பார். உண்மையைக் கல்லெறிவதுபோல் எறியவேண்டும் என்று நாம் கூறவில்லை. மெய்யான சொல்லாய், உரிய காலத்தில், இனிய முறையில், பயன் கருதி, அன்போடு சொல்லப்படுவதே நல்ல சொல் என்று ததாகதர் வகுத்தார். இவ்வைந்தில் இன்சொல்லையும் அன்பையும் எடுத்துக்கொண்டு மெய்யை விட்டுவிட்டால் எஞ்சுவது கருணையன்று, சொல்பவனுடைய சௌகரியமே.

பழமையைப் பற்றி இன்னொன்றும் சொல்லவேண்டும். அம்மையாரின் பெட்டி டிரான்ஸ்பார்மர் இல்லாதது. முற்காலத்தில் சில ஊர்களில் நேர்மின்சாரமும் சில ஊர்களில் மாறுமின்சாரமும் வழங்கின. இரண்டிலும் ஓடுமாறு இத்தகைய பெட்டிகளைச் செய்தனர். இவற்றில் மின்கம்பி ஒன்று நேரே உள்ளிருக்கும் உலோகத் தட்டோடு இணைந்திருக்கும். பிளக்கைத் திருப்பிச் செருகிவிட்டால் அத்தட்டு முழுவதும் மின்சாரம் நிற்கும். மரப்பெட்டியும், பின்பக்கத்து அட்டையும், குமிழ்களுமே தொடுபவரைக் காக்கின்றன. அம்மையாரின் பெட்டியிலோ ஒரு குமிழ் இல்லை. வெறும் இரும்புத் தண்டு நீட்டிக்கொண்டிருந்தது. அதன்மேல் ஒரு கந்தல் சுற்றியிருந்தது. "அவர்தான் சுற்றினார், தொட்டால் சுரீர் என்னும்" என்று அம்மையார் புன்னகையோடு கூறினார்.

இருந்தது இருந்தபடியே மீட்பதானால் அந்தச் சுரீரையும் சேர்த்தே மீட்கவேண்டும். அது தகுமா? முன்னோர் வாழ்வை அப்படியே மீட்போம் என்று முழங்குவோர் நாட்டில் பலர் உளர். அவர்களை நாம் பணிவோடு கேட்பது இதுதான்: குமிழ் இல்லாத தண்டையும் சேர்த்தா மீட்கிறீர்கள்? அந்நாளில் அடி யாருக்கு விழுந்தது? செருப்பணிந்து தொட்டவருக்கு அது தெரியவில்லை. ஈரத்தரையில் வெறுங்காலோடு நின்று தொட்டவருக்கே விழுந்தது. செருப்பணியும் உரிமை யாருக்கு இருந்தது என்பதையும் நாம் மறந்துவிடவில்லை. பழையதைப் போற்றுவோர், அதனால் வருந்தியவரிடமும் கேட்டுவிட்டுப் போற்றுதல் வேண்டும்.

இனி, எதனையும் தொடாமல் வைப்பதற்கும் ஓர் இடம் உண்டு. சில பொருள்கள் சான்றாக நிற்பவை. ஒரு தொழிற்சாலை முதன்முதலாகச் செய்த பெட்டியோ, ஒரு நிலையத்தின் முதற் கருவியோ கிடைக்குமாயின், அது பாடவேண்டியதில்லை. எவ்வாறு செய்தனர் என்பதைப் பின்வருவோர்க்குக் காட்டினால் போதும். அதனைக் காட்சிசாலையில் ஊமையாகவே வைப்பது அறம். ஆனால் அது மின்சாரத்தில் செருகப்படுவதில்லை. பாடுவதாகப் பொய்யும் சொல்வதில்லை. ஊமை ஊமையாகவே நிற்பதும் ஒரு வாய்மைதான்.

இவற்றையெல்லாம் எண்ணிப் பார்த்து, அம்மையாரிடம் முன்னரே சொல்லிவிடுவதெனத் துணிந்தோம். "அம்மா, மாற்றாமல் இது பாடாது. நீங்கள் வேண்டாமென்றால் துடைத்துக் கொடுத்துவிடுகிறோம், அழகாக வைத்துக்கொள்ளுங்கள். பாட வேண்டுமென்றால் மாற்றுவோம், மாற்றியதில் ஒன்றையும் மறைக்கமாட்டோம்" என்றோம். அவர் நெடுநேரம் பேசவில்லை. "நாளைக்குச் சொல்கிறேன்" என்று பெட்டியை நம்மிடமே விட்டுச் சென்றார். மறுநாள் வந்து, "பாடட்டும்" என்றார்.

பதினொரு கண்டென்சர்களையும் நான்கு ரெசிஸ்டர்களையும் மின்கம்பியையும் டயல் நூலையும் மாற்றினோம். அறுந்த வால்வுக்கு ஈடாக, இனிப் பிழைக்காத வேறொரு பெட்டியிலிருந்து ஒரு வால்வு எடுத்தோம். அஃது எந்த வீட்டில் எவருக்கு எந்தப் பாட்டைப் பாடியதோ நாம் அறியோம். தண்டுக்கு ஒரு குமிழ் மாட்டினோம். பின்பக்கத்துக்கு அட்டை அடித்தோம். சுவர் மின்சாரம் நேரே பெட்டிக்குள் வாராதபடி, தனிமைப்படுத்தும் டிரான்ஸ்பார்மர் ஒன்றையும் ஃபியூசையும் வேறொரு சிறு பெட்டியில் வைத்து வெளியே இணைத்தோம். நாளை எவரேனும் வேண்டாமென்றால் பழைய பெட்டிக்கு ஊறின்றி அதனைக் கழற்றிவிடலாம். கண்டென்சர்களைப் பழைய உறைக்குள் ஒளிக்கவில்லை. கழற்றியவற்றை ஒரு துணிப்பையில் இட்டோம். செய்த வேலை ஒவ்வொன்றையும், வைத்த உறுப்பின் அளவையும் தாளில் எழுதிப் பெட்டியின் உட்புறத்தில் ஒட்டினோம். நம் பெயரை அதன்கீழ் எழுதினோம்.

வேலை நடக்கையில் ஒன்றைக் கண்டோம். காகிதக் கண்டென்சர்களின் நடுவே ஒன்று மட்டும் வேறு நிறத்தில், வேறு கையால் பற்றவைக்கப்பட்டிருந்தது. அதன் அருகே உட்பலகையில் மங்கிய பென்சில் எழுத்தில் 1978 என்று இருந்தது. பெட்டியோடு அம்மையார் கொணர்ந்திருந்த வானொலி உரிமப் புத்தகத்தைப் பார்த்தோம். அந்நாளில் வானொலி வைத்திருப்போர் ஆண்டுதோறும் அஞ்சலகத்தில் கட்டணம் கட்டி உரிமத்தைப் புதுப்பித்தல் வேண்டும். 1980-களில்தான் அம்முறை நீங்கியது. 1978-ஆம் ஆண்டுக்கும் அவர் கணவர் பெயரில் முத்திரை விழுந்திருந்தது.

அம்மையார் வந்தபோது துணிப்பையை அவிழ்த்து ஒவ்வொன்றாகக் காட்டினோம். "அப்படியானால் அவருடையது என்று எதுதான் மிச்சம்?" என்றார். நாம் அந்த வேறு நிறக் கண்டென்சரையும் பென்சில் எழுத்தையும் காட்டினோம். அவர் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு குனிந்து பார்த்தார். "ஆமாம், ஒரு மழைக்காலத்தில் இது பாடாமல் போய், ரிப்பேருக்குத் தூக்கிக்கொண்டு போனார். அப்போது அவரே மாற்றியிருக்கிறார்" என்றார். சிறிது நேரம் கழித்து, "அப்புறமும் அதை அவர் தம்முடைய பெட்டி என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தார்" என்றார். நாம் அணியம் செய்து வைத்திருந்த நூல், தேர் முதலிய உவமைகளுக்கு அங்கே வேலை இல்லாமற் போயிற்று.

மாலை இருண்டபின் பெட்டியை இயக்கினோம். வால்வுகள் சூடேற ஏறக்குறைய அரை நிமிடம் ஆயிற்று. மைசூர் நிலையம் இன்று பண்பலையில் ஒலிக்கிறது. பண்பலை இப்பெட்டிக்கு எட்டாது. ஆகையால் 'ஆகாசவாணி' பிறந்த ஊரில் இருந்துகொண்டே அவ்வூர் நிலையத்தை இப்பெட்டியால் கேட்க இயலாது. மத்திய அலையில் முள்ளை நகர்த்தினோம். இரவில் மத்திய அலைகள் மேல்வானிற் பட்டுத் திரும்பி நெடுந்தொலைவு செல்லும் இயல்புடையன. இரைச்சலுக்கும் கொரகொரப்புக்கும் இடையே திருச்சி நிலையத்துத் தமிழ் எழுந்தது. அம்மையார் கண்ணை மூடிக் கேட்டார். பின்னர், "கொஞ்சம் வேறு மாதிரித்தான் கேட்கிறது, தம்பி" என்றார்.

"ஆம் அம்மா, வேறு மாதிரித்தான் கேட்கும்" என்றோம்.

அவர் அதற்கு மேல் ஒன்றும் கூறவில்லை. நிறுத்தச் சொல்லவும் இல்லை. புறப்படும்போது துணிப்பையையும் அந்தக் கந்தலையும் கேட்டு வாங்கிக்கொண்டார்.

அன்பர்களே, நம் உடலும் உள்ளமும் இல்லமும் சங்கமும் நாள்தோறும் மாறுகின்றன. அவற்றை மாறாமல் நிறுத்த எவராலும் ஆகாது. நம்மால் ஆவது இரண்டு. மாற்றுமிடத்துப் பழையதன் பணியைப் புதியது ஏற்கும்படி மாற்றுதல் ஒன்று. மாற்றியதைப் பின்வருவோர் படிக்கும்படி எழுதிவைத்தல் மற்றொன்று. பெயரை மட்டும் எழுதிவிட்டுச் செய்ததை எழுதாமல் விட்ட இடம் ஒவ்வொருவர் வாழ்விலும் ஒன்றேனும் இருக்கும். அதனைத் திறந்து பார்த்து, இன்றேனும் ஒரு தாள் எழுதி ஒட்டுவோமாக.